இயந்திர முகவருக்கு எழுதும் குறிப்பு

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த எழுத்தர் ஒருவர் பதிவேட்டைத் திறக்கிறார். ‘தேதி’ என்று ஒரு பத்தி இருக்கிறது. அது விண்ணப்பம் வந்த தேதியா, உத்தரவு பிறந்த தேதியா என்பது அவருக்கு விளங்கவில்லை. அடுத்த மேஜையில் இருப்பவரை ஒரு வார்த்தை கேட்டுத் தெளிந்துகொண்டு வேலையைத் தொடர்கிறார். பதிவேட்டின் தலைப்பில் உள்ள குறையை அடுத்த மேஜை இவ்வாறு ஈடுசெய்துவிடுகிறது.

இக்காலத்தில் பதிவேடுகளைப் புரட்டும் பணி, செயற்கை நுண்ணறிவு முகவர்களிடமும் ஒப்படைக்கப்பட்டு வருகிறது. இட்ட வேலையை முடிக்கத் தேவையான கருவிகளைத் தாமே தேர்ந்தெடுத்து இயக்கும் கணினி நிரல்களையே முகவர் என்கிறோம். அம்முகவருக்கு அடுத்த மேஜை கிடையாது. கருவியோடு சேர்த்து எழுதிவைக்கப்பட்ட சில வரிகளே அதற்குப் பெருந்துணை. அவ்வரிகளை எவ்வாறு எழுதவேண்டும் என்பதே நாம் இங்கு எடுத்துக்கொண்ட விஷயம்.

தகவல்களை அட்டவணைகளாக அடுக்கி வைக்கும் முறையை 1970-ஆம் ஆண்டில் எட்கர் காட் என்னும் அறிஞர் வகுத்தார். அவ்வாறு அமைந்த களஞ்சியம் தரவுத்தளங்களுள் ஒரு வகை. அதனோடு முகவரை இணைக்க ஒரு பொது முறை வேண்டியிருந்தது. 2024 நவம்பரில் ஆந்த்ராபிக் நிறுவனம் வெளியிட்ட ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்’, சுருக்கமாக எம்.சி.பி., அத்தகைய முறைகளுள் ஒன்று. அதன்படி ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயரும், அது செய்யும் வேலையைப் பற்றிய விளக்கமும், அதற்குத் தரவேண்டிய விவரங்களின் பட்டியலும் இருக்கும். முகவர் இவற்றைப் படித்தே எந்தக் கருவியை எடுப்பது என்று தீர்மானிக்கிறது. ஆகவே விளக்கம் பிழைத்தால் வேலையும் பிழைக்கும்.

பெங்களூருவிலேயே இதற்கு அண்மைய உதாரணம் ஒன்று உண்டு. இங்குள்ள பங்கு வர்த்தக நிறுவனமான ஜெரோதா, 2025-இல் ‘கைட் எம்.சி.பி.’ என்னும் இணைப்பை வெளியிட்டது. வாடிக்கையாளர் தமது நுண்ணறிவு உதவியாளரை அதனோடு இணைத்து, தம்மிடமுள்ள பங்குகள் எவை என்று சாதாரணப் பேச்சிலேயே கேட்கலாம். கணக்கைப் பார்ப்பதற்கு ஒரு கருவி, பங்குகளை வாங்க விற்க உத்தரவிடுவதற்கு வேறொரு கருவி என்று அவை பிரித்தே வைக்கப்பட்டன. நிறுவனம் தானே நடத்திய பொது இணைப்பில், உத்தரவிடும் கருவிகள் விலக்கப்பட்டிருந்தன. பார்ப்பது வேறு, மாற்றுவது வேறு என்ற இந்தப் பிரிவினையே நல்ல விளக்கத்தின் முதற்படி.

அடுத்த படி, சொற்களின் வரம்பைச் சொல்லுதல். ‘இந்த ஆண்டுச் செலவு எவ்வளவு?’ என்று பிப்ரவரி மாதத்தில் ஒருவர் கேட்டால், ஜனவரியிலிருந்து கூட்டுவதா, முந்தைய ஏப்ரலிலிருந்து கூட்டுவதா? 03/04 என்பது ஏப்ரல் மூன்றா, மார்ச் நான்கா? தொகைப் பத்தி வெற்றாக இருந்தால் அது சூன்யமா, தெரியாத தொகையா? நம் நகரத்தின் பெயரையே பாருங்கள். 2014 நவம்பர் 1 முதல் ஆங்கிலத்திலும் ‘பெங்களூரு’ என்பதே அதிகாரபூர்வமான எழுத்தாயிற்று. பழைய பதிவுகளிலோ ‘பேங்களூர்’ என்றிருக்கும். இவ்விரண்டும் ஒன்றே என்று குறிப்புச் சொல்லாவிட்டால், முகவர் ஒன்றைத் தேடி மற்றதை விட்டுவிடக்கூடும். விடுபட்ட பதிவு ஒரு முதியவரின் ஓய்வூதியமாக இருந்தால், அவர் பெயர் பட்டியலில் வராது.

கருவியின் எல்லையையும் மறைக்கலாகாது. ஒரு தடவைக்கு 100 பதிவுகளை மட்டும் தரும் கருவி, அதைச் சொல்லாமல் இருந்தால், மொத்தமே 100 என்று முகவர் அறிக்கை தந்துவிடலாம். தவறு நேரும்போது ‘பிழை’ என்று மட்டும் சொல்வதாலும் பயனில்லை. ‘அப்பெயரில் பத்தி இல்லை, உள்ள பத்திகள் இவை’ என்று சொன்னால் முகவர் தன்னைத் திருத்திக்கொள்ள வழி பிறக்கும்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இங்கே ஒரு பழைய சங்கடம் நினைவுக்கு வருகிறது. ‘இக்கருவியால் பதிவுகள் அழியலாம்’ என்பது எச்சரிக்கை. ‘இக்கருவியால் பதிவுகளை அழிக்கலாம்’ என்பதோ, ஆற்றலைக் கூறுகிறதா, அனுமதி தருகிறதா? தமிழின் ‘லாம்’ விகுதி இரண்டுக்கும் இடம் தரும். விதிகளை மொழிபெயர்க்கையில் ‘வேண்டும்’, ‘கூடாது’, ‘அனுமதி உண்டு’ என்று பிரித்தெழுதப் பழகியிருக்கிறோம். அதே பழக்கம் இங்கும் வேண்டும். ‘இக்கருவி பதிவுகளை அழிக்கும், அழித்தவை மீளா, பொறுப்பாளர் சம்மதமின்றி இயக்கக் கூடாது’ என்று எழுதினால் ஐயத்துக்கு இடமில்லை.

எனினும், எழுத்து ஒன்றே காவலாகிவிடாது. 2025 ஜூலையில் ரெப்லிட் நிறுவனத்தின் முகவர் ஒன்று, மாற்றம் எதுவும் செய்யக் கூடாது என்று கட்டளையிட்டிருந்தும், பயன்பாட்டிலிருந்த ஒரு தரவுத்தளத்தை அழித்துவிட்டது. குறிப்பு வழிகாட்டும், தடுப்பதற்குப் பூட்டு வேண்டும். படிக்கும் உரிமை மட்டுமே உள்ள கணக்கின் வழியாக முகவரை இணைத்தால், அது தவறாகப் புரிந்துகொண்டாலும் அழிக்க இயலாது.

எழுதிய குறிப்பைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. அந்தத் துறையை அறியாத ஒருவரிடம் அதைக் கொடுத்து, வேறெதுவும் சொல்லாமல், என்ன செய்வார் என்று கேளுங்கள். அவர் எங்கெங்கே திரும்பி நம்மை வினவுகிறாரோ, அங்கெல்லாம் ஒரு வாக்கியம் குறைகிறது என்று பொருள். அவ்வாக்கியங்களை எழுதிச் சேர்த்துவிட்டால், முகவருக்கு மட்டுமன்றி, நாளை அந்த மேஜைக்கு வரப்போகும் புதிய எழுத்தருக்கும் அக்குறிப்பு பயன்படும்.