நாலு நிமிடம் திறந்திருக்கும் ஷட்டர்

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலை முழுநிலவில் எடுத்த படம் ஒன்றைக் காட்டினால் பலரும் முதலில் கேட்பது, “இது கம்ப்யூட்டரில் செய்ததா?” என்றுதான். கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. வானம் பகல்போல நீலமாக இருக்கிறது; அதே வானத்தில் நட்சத்திரங்கள் கோடு கோடாகத் தெரிகின்றன. இரவில் கறுத்துக் கிடக்க வேண்டிய கல் பழுப்பும் செம்மையும் காட்டுகிறது. அலையடிக்கும் கடல் வெண்புகையாகப் படிந்திருக்கிறது. இப்படியொரு காட்சியை எந்த மனிதரும் எந்த இரவிலும் கண்ணால் கண்டதில்லை. அப்படியிருந்தும் இது பொய்ப்படம் அல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம். நீண்ட எக்ஸ்போஷரில், அதாவது ஷட்டரை நெடுநேரம் திறந்து வைத்து, எடுத்த இரவுப் படம் நாணயமான சாட்சி. ஆனால் அந்தச் சாட்சிக்கு ஓர் ஓரவஞ்சனை உண்டு. அதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும்.

முதலில் வெளிச்சத்தின் பற்றாக்குறை எவ்வளவு என்று பார்ப்போம். நண்பகல் வெயில் தரையில் ஏறக்குறைய 1 லட்சம் லக்ஸ் வெளிச்சம் தருகிறது. உச்சிக்கு வந்த முழுநிலவு தருவது கால் லக்ஸ். கிட்டத்தட்ட 4 லட்சம் மடங்கு குறைவு. ஃபிலிம் காலத்துப் புகைப்படக்காரர்கள் மீட்டர் இல்லாதபோது மனப்பாடமாகச் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்வின் அளவு) 100, லென்ஸ் துளை எஃப் 16 என்றால் நல்ல வெயிலில் நொடியில் 100-இல் ஒரு பங்கு போதும். இதை 4 லட்சத்தால் பெருக்கினால் 4,000 நொடி, அதாவது ஒரு மணி நேரத்துக்கும் மேல். துளையை எஃப் 4 வரை அகலமாக்கினால் 16 மடங்கு ஒளி உள்ளே வரும். நேரம் 250 நொடியாக, நாலு நிமிடத்துக்குச் சற்று மேலாக, இறங்கிவிடும். ஐ.எஸ்.ஓ.வையும் 800-க்கு ஏற்றினால் அரை நிமிடம். கேமராவை முக்காலியில் அசையாமல் நிறுத்தி, ஷட்டரை அவ்வளவு நேரம் திறந்து வைக்க வேண்டும். மந்திரம் எதுவும் இல்லை, பெருக்கலும் வகுத்தலும்தான். நடைமுறைத் தொல்லைகள் வேறு: ஏ.சி. காரிலிருந்து இறங்கியவுடன் கடற்காற்றில் லென்ஸ் வேர்த்துப் பனித்துவிடும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் முக்காலி வைக்க அனுமதி வாங்க வேண்டும்.

“கண்ணுக்குத் தெரியாத நிறம் படத்தில் எப்படி வந்தது?” என்பது அடுத்த ஆட்சேபம். நம் கண் ஓர் அன்றாடங்காய்ச்சி. வரும் ஒளியைப் பத்தில் ஒரு நொடி போலத்தான் சேர்த்து வைக்கும், உடனே செலவழித்துவிடும். கேமராவின் சென்சார் ஷட்டர் மூடும்வரை ஒரு காசுகூட எடுக்காது. போதாக்குறைக்கு, மங்கலில் வேலை செய்யும் கண்ணின் குச்சி செல்களுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. நிறம் பிரிக்கும் கூம்பு செல்களுக்கோ அந்த வெளிச்சம் போதாது. ஆகவே இரவின் கருமையும் சாம்பல் பூச்சும் நம் கண்ணின் குறை. நிலவொளி என்பது நிலவில் பட்டுத் திரும்பிய சூரிய ஒளிதான். அளந்து பார்த்தால் வெயிலைவிடச் சிறிது செம்மையானதும்கூட. நிலவு நீல ஒளி தரும் என்ற நம்பிக்கைக்குப் பாதிக் காரணம் மங்கலில் நீலப் பக்கம் சாயும் நம் பார்வை. மீதிக் காரணம், பகலில் படம்பிடித்து நீலம் ஏற்றி இரவென்று காட்டிய சினிமா. பகல் வானத்தை நீலமாக்கும் ஒளிச்சிதறல் நிலவு இரவிலும் நின்றுவிடுவதில்லை. 4 லட்சம் மடங்கு மங்கலாக நடக்கிறது, அவ்வளவே. அந்த நீலத்தை யாரும் படத்தில் பூசவில்லை. அது அங்கேயே இருந்தது.

ஃபிலிமில் எடுத்தால் நம்பலாம், டிஜிட்டல் என்றால் சந்தேகம் என்பாரும் உண்டு. உண்மை நேர்மாறானது. பிற்காலத்தில் கருந்துளைக் கணக்கால் பெயர்பெற்ற கார்ல் ஷ்வார்ஸ்சில்ட், 19-ஆம் நூற்றாண்டின் முடிவில் வியன்னாவில் நட்சத்திரங்களின் ஒளியைத் தகடுகளில் அளந்துகொண்டிருந்தபோது ஒரு விஷயத்தைக் கணக்கில் பிடித்தார்: ஒளி மங்க மங்க, நேரத்தை இரட்டித்தாலும் தகட்டில் பதிவு இரட்டிப்பதில்லை. நாலு நிமிடம் என்று கணக்குச் சொன்னால் ஃபிலிமுக்கு அதைவிடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும். கலர் ஃபிலிமின் ஒவ்வொரு படலமும் ஒவ்வொரு அளவில் பின்தங்குவதால் நிறமும் திரியும். சென்சாரில் இந்தக் குறை இல்லை. வந்த ஒளிக்கு ஏற்பச் சரியாகக் கூட்டிக்கொண்டே போகும். அதன் பலவீனம் வெப்பம். ஒளியே படாவிட்டாலும் சூட்டில் எலக்ட்ரான்கள் கசிந்து படத்தில் புள்ளிகளாகத் தெறிக்கும். ஏழெட்டு டிகிரி கூடினால் இந்தக் கசிவு ஏறக்குறைய இரட்டிக்கும். நம் கடலோரப் புழுக்கத்தில் இது சிறிய தொல்லை இல்லை. அதனால்தான் பல கேமராக்கள் படம் எடுத்து முடித்ததும் ஷட்டரை மூடியபடி அதே நேரத்துக்கு இன்னொரு படம் எடுத்து, அதில் விழுந்த புள்ளிகளை முதல் படத்திலிருந்து கழிக்கின்றன. ஒரு மணி நேரம் திறந்து வைக்காமல் அரை நிமிடப் படங்களாக நூறு, நூற்றிருபது எடுத்து மென்பொருளில் ஒன்றாக்குவதற்கும் இதுவே முக்கியக் காரணம். இதை ஏமாற்று என்று சொல்வது நியாயமில்லை. ஒரே இடத்தில், ஒரே திசையில், அடுத்தடுத்து வந்த ஒளிதான் ஒன்று சேர்கிறது.

ஏமாற்று வேறு இடத்தில் இருக்கிறது: எங்கோ எடுத்த வானத்தைக் கோயிலுக்கு மேல் ஒட்டுவது. நல்ல வேளையாக வானமே அதைக் காட்டிக்கொடுக்கும். பூமி மணிக்கு 15 டிகிரி சுழல்வதால், நாலு நிமிடத்தில் நட்சத்திரம் ஒரு டிகிரி, அதாவது நிலவின் அகலத்தைப் போல் இரு மடங்கு, நகர்ந்து கோடாகும். அந்தக் கோடு வளையும் விதம் இடத்தின் அட்சரேகையைப் பொறுத்தது. மாமல்லபுரம் வடக்கே 12.6 டிகிரியில் இருக்கிறது. எனவே கோடுகள் சுற்றி வளையும் மையமான துருவ நட்சத்திரமும் அடிவானத்துக்கு மேலே ஏறக்குறைய அவ்வளவு உயரத்தில்தான் நிற்கும். கோயிலின் பெரிய விமானம் சுமார் 60 அடி. அதன் உச்சியில் துருவ நட்சத்திரம் உட்கார வேண்டுமென்றால், தெற்கே சுமார் 80 மீட்டர் தூரத்தில் கேமராவை வைக்க வேண்டும். அகன்ற லென்ஸில் எடுத்த படத்தில் விமானத்துக்கு வெகு உயரே நடுவானத்தில் வட்டங்கள் சுழன்றால், அது வேறு அட்சரேகையில், ஐரோப்பா போன்ற இடத்தில், எடுத்த வானம் என்று தயங்காமல் சொல்லலாம். கிழக்கே கடலைப் பார்த்து எடுத்த படத்திலோ வட்டமே தெரியாது. ஓரியன் விண்மீன் கூட்டத்தின் இடுப்பில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களில் முதலில் உதிப்பது கிட்டத்தட்ட நேர் கிழக்கில் எழும். அதன் கோடு தெற்கே சற்றே சாய்ந்து, ஏறக்குறைய செங்குத்தாக, நேராக ஏறும். அதற்கு இடப்பக்கத்துக் கோடுகள் இடப்புறமும் வலப்பக்கத்தவை வலப்புறமும் வளைந்து விசிறியாக விரியும். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் கிழக்கு பார்த்துக் கட்டிய கருவறைக்கு எதிரே அன்றும் நட்சத்திரங்கள் இந்தச் சாய்வில்தான் ஏறின.

இனி அந்த ஓரவஞ்சனை. 1838-இல் புகைப்படக் கலையின் முன்னோடி டகேர் பாரிஸின் பூல்வார் து தாம்பிள் வீதியைப் பகலில் படமெடுத்தார். வண்டியும் ஆட்களுமாக நெரிசல் மிகுந்த வீதி அது. படத்திலோ காலியாகக் கிடக்கிறது. சில நிமிட எக்ஸ்போஷரில் நகர்ந்தவை அனைத்தும் கரைந்துபோக, தெளிவாகத் தங்கியவர்கள் காலணிக்கு மெருகு போட நின்ற ஒருவரும் மெருகு போட்டவரும்தான். மாமல்லபுரத்துக்கும் இதே கணக்கு பொருந்தும். நடந்து போகும் ஒருவர் படத்தின் ஒரு புள்ளியில் அரை நொடி இருந்தால், 250 நொடியில் அவர் பங்கு 500-இல் ஒன்று. பத்துப் பேர் கடந்து போனாலும் மணலில் ஒருவரும் தெரிய மாட்டார். கையில் கைபேசி எரிந்தால் ஒரு வெளிச்சக் கோடு மட்டும் மிஞ்சும். மீன்பிடிப் படகு போனால் அதன் விளக்கு கடலில் கோடிழுக்கும், படகு இருக்காது. நிலைத்தும் ஒளிர்ந்தும் இருப்பவற்றுக்குத்தான் இந்த முறையில் இடம். பழங்கட்டடங்களின் இரவுப் படங்கள் அத்தனையும் மனிதர் கைவிட்டுப் போன இடங்களாகத் தோன்றுவது இதனால்தான். அந்த வெறுமையை ‘காலத்தின் தனிமை’ என்றெல்லாம் வருணிப்பது வழக்கம்; அது பெரும்பாலும் ஷட்டர் நேரத்தின் விளைவு.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. நிலவொளி படாத கல்லின் நிழலில் ஒரு காவலாளி நிற்கட்டும். நாலு நிமிடத்தில் ஓரிரு நொடி அவர்மேல் டார்ச் அடித்தால் போதும். பிறகு அவர் வெளிச்சத்தில் குறுக்கிடாமல் விலகிப் போய்விடலாம். பின்னால் இருட்டாக இருப்பதால் உருவம் கரையாமல் நிற்கும். நிலவு படும் சுவருக்கு முன்னால் நின்றிருந்தால், அவர் போனபின் வந்த ஒளி மேலே படிந்து அவரைக் கண்ணாடி உருவம்போல் ஆக்கியிருக்கும். டார்ச் அடிப்பது இயற்கைக்கு விரோதம் என்று சில தூய்மைவாதிகள் முகம் சுளிப்பார்கள். அந்த ஒளியும் அதே நாலு நிமிடத்துக்குள் அதே இடத்தில் விழுந்த ஒளிதான். நூறு படங்களைக் கூட்டுவதற்குச் சொன்ன நியாயம் இதற்கும் பொருந்தும். படத்தின் அடியில் 250 நொடி, எஃப் 4, ஐ.எஸ்.ஓ. 100, டார்ச் 2 நொடி என்று எழுதிவிட்டால், பார்ப்பவர் எது எவ்வளவு நேரம் நின்றது என்று தாமே கணக்குப் போட்டுக்கொள்வார்.