உங்களுக்குத் தெரியுமா? உப்புநீரில் உயிர் காக்கும் எக்டோயின்

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. உப்பளப் பாத்திகளில் இது பல மடங்கு உயர்கிறது. அத்தகைய நீரில் சாதாரண பாக்டீரியா தாக்குப்பிடிக்காது. சவ்வூடு பரவலால் அதன் செல்லிலுள்ள நீர் வெளியேறிவிடும். உப்பிட்ட மாங்காய்த் துண்டு நீர்விட்டுச் சுருங்குவதும் இதனால்தான்.

உப்பு விரும்பும் பாக்டீரியாக்கள் பலவும் இதைத் தடுக்க, நீரில் எளிதில் கரையும் சிறு கரிம மூலக்கூறுகளைச் செல்லுக்குள் சேர்த்துவைக்கின்றன. வெளியே உப்பு கூடக்கூட உள்ளே இவற்றின் அளவும் கூடுவதால் நீர் உள்ளேயே தங்குகிறது. செல்லின் வேதிவினைகளுக்கு இவை இடையூறு செய்வதில்லை. ஆகவே ‘இணக்கமான கரைபொருள்கள்’ எனப்படுகின்றன. கிளைசின் பீட்டெய்ன், டிரெஹலோஸ், எக்டோயின் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. உப்பளங்களில் வளரும் டுனாலியெல்லா என்னும் பாசிக்கு இதே காவலைக் கிளிசரால் தருகிறது.

எகிப்தின் வாதி நத்ரூன் உப்பு ஏரிகளில் வாழும் ஒளிச்சேர்க்கை பாக்டீரியா ஒன்றில் எக்டோயின் இருப்பது 1985-இல் அறிவிக்கப்பட்டது. இது புரதங்களோடு ஒட்டுவதில்லை. அருகிலுள்ள நீர் மூலக்கூறுகளை இறுகப் பிடித்து, புரதத்தைச் சூழ்ந்த நீருறை குலையாமல் பார்த்துக்கொள்கிறது. அதனால் வெப்பத்திலும் உலர்ச்சியிலும்கூடப் புரதம் எளிதில் சிதைவதில்லை.

ஹாலோமோனஸ் எலாங்கேட்டா என்னும் பாக்டீரியாவை உப்புமிகுந்த கரைசலில் வளர்த்து, உப்பு குறைந்த நீருக்கு மாற்றினால், அது சேமித்த எக்டோயினை வெளியே விடுகிறது. மீண்டும் உப்பில் வளர்த்தால் மறுபடியும் சேர்க்கிறது. பால் கறப்பதை ஒத்த இந்த முறைக்கு ‘பாக்டீரியா கறவை’ என்றே பெயர். இவ்வாறு கிடைக்கும் எக்டோயின் இன்று தோல் களிம்புகளிலும் கண் சொட்டு மருந்துகளிலும் சேர்க்கப்படுகிறது.