சீனக் கல்வெட்டு வனப்பெழுத்து

சீனக் கல்வெட்டு வனப்பெழுத்து என்பது தூரிகையால் எழுதிய எழுத்துகளைக் கற்பலகையிலும் பாறையிலும் உளியால் செதுக்கிய பண்டைய கலை மரபாகும். பொதுவாக எழுதுபவர் ஒருவர், செதுக்குபவர் வேறொருவர். ஆகவே கல்லில் காணப்படுவது தூரிகையும் உளியும் சேர்ந்து உருவாக்கிய வடிவம் ஆகும்.

முத்திரை எழுத்து

சின் நாட்டைச் சேர்ந்த பத்துக் கல் முரசுகள் சீனாவின் மிகப் பழைய கல்லெழுத்துகளுள் அடங்கும். இவற்றில் பெருமுத்திரை எழுத்து காணப்படுகிறது. கி.மு. 221இல் சீனாவை ஒன்றிணைத்த சின் சி ஹுவாங், சிறுமுத்திரை எழுத்தைப் பொது எழுத்தாக்கினார். அவர் மலைகளில் நாட்டிய கற்கள் இவ்வெழுத்தில் அமைந்தவை. ஒரே தடிப்புள்ள கோடுகளும் சீரான வளைவுகளும் இதன் இயல்புகள்.

லிஷூ எழுத்து

அரசு எழுத்தர்கள் விரைந்து எழுதியதில் வளைவுகள் நேர்கோடுகளாகி, லிஷூ என்னும் எழுத்து வளர்ந்தது. இதில் முதன்மையான கிடைக்கோடு தடித்துத் தொடங்கி, அலைபோல் நெளிந்து, விரிந்து முடியும். சீனர் இதனைப் 'பட்டுப்புழுத் தலை, காட்டுவாத்து வால்' என்பர். கி.பி. 175 முதல் 183 வரை கன்பூசிய நூல்கள் 46 கற்களில் லிஷூவில் பொறிக்கப்பட்டு, லுவோயாங்கின் அரசுக் கல்விக்கழகத்தில் வைக்கப்பட்டன. கைப்படிகளில் மலிந்த பிழைகளைக் களைந்து, சரியான பாடத்தை நிலைநிறுத்துவதே இதன் நோக்கம். கி.பி. 185இல் எழுந்த சாவோ சுவான் கற்பலகை, லிஷூவின் நளினத்திற்குச் சிறந்த சான்றாகும்.

வெய் பாணியும் கைஷூவும்

வட வெய் அரசின் காலத்தில் (386–534) லோங்மென் குகைகளில் பொறிக்கப்பட்ட எழுத்துகள் கூரிய முனைகளும் கோணங்களும் கொண்டவை. உளியின் தடம் இவற்றில் வெளிப்படையாகத் தெரிகிறது. தாங் காலத்தில் கைஷூ எனப்படும் ஒழுங்கெழுத்து முழுமை பெற்றது. ஓயாங் சுன் (632), யான் சென்சிங் (752), லியூ கோங்சுவான் (841) ஆகியோர் எழுதிய கற்பலகைகள் இன்றும் எழுத்துப் பயிற்சிக்கு முன்மாதிரிகளாக உள்ளன.

மைப்படிகள்

ஈரத் தாளைக் கல்லின்மேல் ஒட்டி, எழுத்துக் குழிகளுக்குள் பதியுமாறு தட்டி, ஓரளவு உலர்ந்ததும் மை ஒற்றினால் கறுப்புப் பின்னணியில் எழுத்துகள் வெள்ளையாகத் தோன்றும். இதுவே மைப்படி ஆகும். பல எழுத்துகள் பிழைத்திருப்பதற்கு இம்முறையே காரணம். கல் முரசுகளுள் ஒன்றில் இன்று எழுத்தே இல்லை. சோங் காலத்து மைப்படிகளில் இன்றுள்ளதைவிட அதிக எழுத்துகள் உள்ளன. பேரரசர் தாய்சோங் எழுதிய வெந்நீரூற்றுக் கல்வெட்டு அழிந்துவிட்டது. 653ஆம் ஆண்டுக் குறிப்புள்ள அதன் மைப்படி மட்டும் துன்ஹுவாங் குகையில் கிடைத்தது.

மறுமலர்ச்சி

வாங் சிசியின் மடல்கள் போன்ற தாள் எழுத்துகள் மீண்டும் மீண்டும் படியெடுக்கப்பட்டதால் மூல வடிவத்திலிருந்து விலகின. எனவே சிங் காலத்தில் ருவான் யுவான், காங் யூவெய் போன்ற அறிஞர்கள் பழங்கற்களையே முன்மாதிரியாகக் கொள்ள வலியுறுத்தினர். இதிலிருந்து கற்பலகைப் பள்ளி என்னும் மரபு வளர்ந்தது. இன்று சிஆன் நகரின் கற்பலகைக் காடு அருங்காட்சியகத்தில் பல காலத்துக் கற்களை ஒருங்கே காணலாம்.