பதில் சொல்லாத கணினி

பள்ளிக் கணினி அறையில் 30 கணினிகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று மட்டும் ஆமை வேகத்தில் நகர்கிறது. மாணவர் அதில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே, ஆசிரியர் தம் மேசையிலிருந்து அதன் நிலையைப் பார்க்க விரும்புகிறார். விண்டோஸில் இதற்கென்றே 'பெர்ஃபார்மன்ஸ் மானிட்டர்' என்ற கருவி உண்டு. செயலி எத்தனை விழுக்காடு உழைக்கிறது, நினைவகம் எவ்வளவு மீதம் இருக்கிறது என்பதையெல்லாம் அது வரைபடமாகக் காட்டும். ஆனால், அந்தக் கணினியின் பெயரைக் கொடுத்தால் 'இணைய முடியவில்லை' என்றே வருகிறது. எங்கிருந்து தேடத் தொடங்குவீர்கள்?

பலரும் முதலில் நாடுவது 'பிங்'. 1983 டிசம்பரில், அமெரிக்க இராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில் பணியாற்றிய மைக் மூஸ் எழுதிய சிறிய நிரல் இது. நீர்மூழ்கியின் சோனார் ஒலி எழுப்பி எதிரொலிக்குக் காத்திருப்பதுபோல, பிங் ஒரு சிறு தகவலை அனுப்பிவிட்டு மறுமொழிக்குக் காத்திருக்கும். பெயர் வந்ததும் அந்த ஒலியிலிருந்துதான். மறுமொழி வந்தால் இரு கணினிகளுக்கும் இடையே வழி இருக்கிறது, அவ்வளவுதான். வராவிட்டால் கணினி செயலிழந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். ஃபயர்வால் எனப்படும் தடுப்புச்சுவர் பிங்கை மட்டும் தடுத்திருக்கலாம்.

அடுத்து, பெயருக்குப் பதிலாக அந்தக் கணினியின் ஐபி முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். இணைந்துவிட்டால் வலையமைப்பில் குறையில்லை. பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் ஏற்பாட்டில்தான் பிழை.

அதுவும் சரியாக இருந்தால், மறுமுனையில் பதில் சொல்ல ஆள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தொலைவிலிருந்து வரும் இத்தகைய கேள்விகளுக்கு 'ரிமோட் ரெஜிஸ்ட்ரி' என்ற பின்னணிச் சேவை தேவை. விண்டோஸ் 10 கணினிகளில் அது தொடக்கத்திலேயே முடக்கி வைக்கப்பட்டிருக்கும். கேட்பவருக்கு அனுமதியும் வேண்டும்: அவர் நிர்வாகியாகவோ, கண்காணிப்புக்கென உள்ள பயனர் குழுவில் உறுப்பினராகவோ இருக்க வேண்டும்.

இனி ஃபயர்வால். இந்தக் கேள்வி 445 என்ற எண்ணுள்ள போர்ட் வழியாகச் செல்கிறது. எரிச்சலில் சிலர் ஃபயர்வாலையே அணைத்துவிடுவார்கள். வரைபடம் உடனே ஓடத் தொடங்கவும் கூடும். ஆனால், 2017 மே மாதம் 'வான்னாகிரை' என்ற தீநிரல் கணினிக்குக் கணினி தாவியது இதே 445 வழியாகத்தான். பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளுக்குக் கொடுத்த நேரத்தை ரத்து செய்ய நேர்ந்தது. இத்தனைக்கும் அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளியிட்டிருந்தது! ஆகவே, ஆசிரியரின் கணினிக்கு மட்டும் வழிவிடும் விதியை எழுதுவதே முறை. (பள்ளிக் கணினிகளில் அனுமதியின்றி இதை நீங்களே செய்து பார்க்க வேண்டாம்.)

இணைப்பு கிடைத்தபின் வரும் எண்களையாவது அப்படியே நம்பலாமா? செயலியின் உழைப்பு, இரண்டு அளவீடுகளுக்கு இடையிலான வித்தியாசத்தைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. எனவே, முதல் எண் 0 என்று வந்தால் கணினி சும்மா இருக்கிறது என்று பொருளல்ல. ஒப்பிட இன்னோர் அளவீடு இல்லை.

இதைவிடக் குழப்பமானது சுவிட்ச் போன்ற வலையமைப்புக் கருவிகளின் கணக்கு. கடந்து சென்ற பைட்டுகளை எண்ணும் பழைய 32 பிட் எண்ணி, 4,294,967,295 வரை போய், காரின் ஓடோமீட்டரைப்போல மீண்டும் 0 ஆகிவிடும். விநாடிக்கு 1 கிகாபிட் வேகத்தில் முழுமையாக ஓடும் இணைப்பில் இதற்கு ஏறக்குறைய 34 விநாடிகளே போதும். 5 நிமிடத்துக்கு ஒருமுறை படிக்கும் நிரலுக்கோ, இடையில் எண்ணி 8 முறை சுற்றி வந்தது தெரியாது. மும்முரமான இணைப்பு அதன் வரைபடத்தில் ஓய்வெடுப்பதுபோல் தோன்றும். 64 பிட் எண்ணிக்கு மாறினால் இதே வேகத்தில் ஒரு சுற்று முடிய 4,600 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.