முதல் இடமா, அடுத்த அடியா?

எங்க ஊர் சதுரங்கப்பட்டினம். டச்சுக் கோட்டையைப் பார்க்க வர்றவங்க, "இங்க எல்லாரும் செஸ் ஆடுவீங்களா?" என்று சிரிச்சுக்கிட்டே கேட்பாங்க. நான் ஆடுறதில்லை. என் பெண் ஓடுவாள்.

போன வருஷம் பள்ளி விளையாட்டு விழாவுக்கு முன்னால் அவளிடம் நான் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான்: "1500 மீட்டர்ல முதல்ல வரணும்." நாலாவதாக வந்தாள். ஆனால் தன்னுடைய பழைய நேரத்தைவிட 11 விநாடி குறைவாக ஓடியிருந்தாள். அன்றைக்கு அதை அவளும் பார்க்கலை, நானும் பார்க்கலை. கழற்றிப் போட்ட ஷூவை மூணு மாசம் தொடவே இல்லை. தப்பு எங்கே என்று தேடியபோதுதான் இதையெல்லாம் படித்தேன்.

விளையாட்டு உளவியலில் இலக்குகளை மூன்றாகப் பிரிக்கிறார்கள். ஜெயிப்பது, பதக்கம் வாங்குவது எல்லாம் முடிவு இலக்கு. அது எதிராளியையும் பொறுத்தது. என் பழைய நேரத்தை நானே முறியடிப்பது செயல்திறன் இலக்கு. கடைசிச் சுற்றில் தோளைத் தளர்வாக வைத்து, கைவீச்சு குறையாமல் ஓடுவது செயல்முறை இலக்கு. பெரும்பாலும் நம் கையில் இருப்பது இது மட்டும்தான்.

தெளிவான, கொஞ்சம் கடினமான இலக்கு வைத்தால் "முடிஞ்சவரை செய்" என்பதைவிட நல்ல பலன் கிடைக்கும் என்று காட்டியவர்கள் எட்வின் லாக், கேரி லேதம். ஆனால் ஆடுபவர் அந்த இலக்கைத் தனதாக ஏற்கணும். எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதும் அவருக்குத் தெரியணும். நான் இரண்டையுமே செய்யலை.

இங்கிருந்து சுமார் 15 கிலோமீட்டரில் மாமல்லபுரம். 2022 செஸ் ஒலிம்பியாடில் 16 வயது குகேஷ் அங்கே முதல் எட்டு ஆட்டங்களையும் வரிசையாக ஜெயித்தார். பத்தாவது சுற்றில், உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தாரோவிடம் கைக்கு எட்டிய ஆட்டத்தைத் தோற்றார். தங்கம் உஸ்பெகிஸ்தானுக்குப் போனது. மறுநாள் குகேஷ் டிரா செய்தார், அணி ஜெர்மனியை வென்று வெண்கலம் வாங்கியது.

2024 உலக சாம்பியன்ஷிப்பிலும் டிங் லிரெனிடம் முதல் ஆட்டத்தையே தோற்றார். மூன்றாவதில் ஜெயித்து சமன் செய்தார். அந்தப் போட்டிக்கு அவர் கூட மனப்பயிற்சியாளர் பேடி அப்டனும் இருந்தார். டிசம்பர் 12 அன்று, 18 வயதில், பட்டம்.

அப்போ முடிவு இலக்கே கூடாதா? அப்படியில்லை. உலகின் மிக இளைய சாம்பியன் ஆகணும் என்று சின்ன வயசிலேயே சொன்னவர்தான் குகேஷ். பெரிய இலக்கு திசையைக் காட்டும், காலையில் எழுப்பிவிடும். பலகை முன் உட்கார்ந்த பிறகு அதையே நினைத்துக்கொண்டிருந்தால் காயை யார் நகர்த்துவது?

இப்போ என் பெண் மறுபடி கடற்கரையில் ஓடுகிறாள். நோட்டில் அவளே எழுதின இலக்கு: "கடைசி 300 மீட்டர், கையை விடாதே." முதல் இடம் பற்றி நான் வாயே திறக்கிறதில்லை. வீட்டுக்கு வந்ததும் ஒன்றுதான் கேட்கிறேன்: "இன்னைக்குக் கை எப்படிம்மா இருந்துச்சு?"