வண்டியோடு வாழ்தல் – 9: இருங்காட்டுக்கோட்டைக் காரும் சின்ன காஞ்சிபுரத் தெருவும்

சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் கோயிலைத் தாண்டி வாலாஜாபாத் சாலையைப் பிடித்து, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று போனால் இருங்காட்டுக்கோட்டை வந்துவிடும். ஹூண்டாயின் முதல் இந்தியத் தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது. 1998-இல் முதல் சான்ட்ரோ அங்கிருந்துதான் வெளியே வந்தது. அதே இடத்திலிருந்து 2021 செப்டம்பரில் ஐ20 என் லைன் வந்தது. 998 சிசி டர்போ பெட்ரோல் இன்ஜின், 120 குதிரைத்திறன், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், சாதாரண ஐ20-ஐ விட இறுக்கமான சஸ்பென்ஷன், கனமான ஸ்டீயரிங். பட்டுச்சேலைக்குப் பேர்போன நம் மாவட்டம் இப்படியொரு காரையும் செய்கிறது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. வாங்கினால் இதைத்தான் வாங்க வேண்டும் என்று இருந்தேன், வாங்கினேன். இத்தனை வருடம் ஓட்டியபிறகும் விற்கும் எண்ணம் வரவில்லை.

சென்ற வாரம் பழைய கார் வாங்கும்போது கவனிக்க வேண்டியதை எழுதினேன். கடிதம் எழுதிய பலரும் இளைஞர்கள். எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: சின்ன ஸ்போர்ட்டி காரை வைத்திருக்கிறோம், எதை மாற்றலாம்?

பத்து வருடம் வைத்திருக்கப் போகிற காரில் எதை மாற்றுவது என்பதை ஊர்தான் முடிவு செய்ய வேண்டும். நான் இருப்பது நெசவாளர் ஊர். பிள்ளையார்பாளையம் பக்கம் காலையில் தெருவில் பாவு நீட்டியிருந்தால் வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் காத்திருக்கத்தான் வேண்டும். வைகாசியில் கருட சேவை அன்று கால் கிலோமீட்டரைக் கடக்கக் காலைப்பொழுது போய்விடும். முகூர்த்த நாளில் காந்தி ரோட்டில் ஜவுளிக்கடை வாசல்களைத் தாண்டுவது இன்னொரு சோதனை. பிறகு ஸ்பீடு பிரேக்கர்கள். இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பு வகுத்த அளவுப்படி ஸ்பீடு பிரேக்கர் 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும், 25 கி.மீ. வேகத்தில் மெத்தென்று ஏறி இறங்கலாம். நம் தெருக்களில் இருப்பவை கால்வாசி அகலத்தில் செங்குத்தாக எழும்பியிருக்கும்.

இந்த ஊரில்தான் ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தாழ்த்தச் சொல்கிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் 3 செ.மீ. தாழ்த்தினால் ஷாக் அப்சார்பர் அமுங்குவதற்கு உள்ள தூரம் அந்த அளவுக்குக் குறைகிறது. ஒவ்வொரு பள்ளத்திலும் அது அடிவரை போய் ரப்பர் தடுப்பில் இடிக்கும். அந்த அடி ஷாக்கின் சீலுக்கும், மேலே உள்ள மவுன்டுக்கும், கடைசியில் பாடிக்கும் போகிறது. சீக்கிரமே எண்ணெய் கசியலாம். வெட்டிய ஸ்பிரிங்கின் முனை அதன் கிண்ணத்தில் சரியாக உட்காராது. திருப்பத்தில் நழுவினால் உயிருக்கே ஆபத்து. என் லைனின் சஸ்பென்ஷன் ஏற்கனவே இறுக்கமானது. அதை அப்படியே விட்டு, ஷாக் தளர்ந்ததும் நான்கையும் ஒரே நேரத்தில் புதிதாக மாற்றுங்கள், கூடவே கன்ட்ரோல் ஆர்ம் புஷ்களையும். ஐந்து வயதான காரில் இந்த வேலையைச் செய்துவிட்டு ஓரிக்கைப் பாலம் தாண்டி உத்திரமேரூர் ரோட்டில் ஓட்டிப் பாருங்கள், ஸ்டீயரிங் மறுபடி பேச ஆரம்பித்திருக்கும்.

டயருக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்து காசுக்கு ஈடாக அதிகம் திருப்பித் தரும் மாற்றம் இதுதான். இந்தக் காரில் வருவது 195/55 ஆர்16. ரிம்மின் விட்டம் 406.4 மி.மீ.; டயரின் பக்கச்சுவர் 195-இல் 55 விழுக்காடு, அது மேலும் கீழும் சேர்ந்து 214.5. ஆக மொத்தம் 620.9 மி.மீ. இதற்குப் பதில் 205/55 ஆர்16 போட்டால் 631.9 ஆகும், அதாவது சுமார் 1.8 விழுக்காடு பெரிது. அப்போது மீட்டர் முன்பு காட்டிய வேகத்தையே காட்டினாலும் நிஜ வேகம் அந்த அளவு கூடியிருக்கும். 17 அங்குல ரிம்முக்குப் போனால் பக்கச்சுவர் ஒல்லியாகும், ரிம் கனமாகும். சக்கரத்தின் கனம் ஸ்பிரிங்குக்குக் கீழே உள்ள கனம். அது கூடினால் சக்கரம் ரோட்டைவிட்டு எம்பும், பிக்கப்பும் மந்தமாகும். நம் ஊர்ப் பள்ளத்தில் அலாய் வளைந்தால் செலவு தனி. அதே அளவில், நல்ல கம்பெனியின் பிடிப்புள்ள டயரைப் போடுங்கள். ஐந்து வருடம் ஆன டயரில் பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும். ஐப்பசி மழையில் அது நிற்காது. தயாரித்த வாரமும் வருடமும் பக்கச்சுவரில் நான்கு இலக்கமாக இருக்கும், வாங்கும்போது கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது பிரேக். பெரிய டிஸ்க் வாங்கப் போகுமுன் பிரேக் ஆயிலைப் பாருங்கள். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. காற்றின் ஈரத்தைக் குடித்த பழைய ஆயிலுக்கு அந்த எல்லை 155 வரை இறங்கிவிடும். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி வரும், பெடல் பஞ்சு மாதிரி இறங்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயில், கூடவே தரமான பேட். இதற்கு மேல் பிரேக்கில் செலவழிக்கத் தேவையில்லை.

இன்ஜின் விஷயம் இளைஞர்களுக்குப் பிடிக்காத பகுதி. ரீமேப், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரில் டர்போ அழுத்தத்தையும் தீப்பொறி நேரத்தையும் மாற்றி எழுதுவது. ஒரு மதியத்தில் முடிந்துவிடும், இழுவையும் உடனே தெரியும். ஆனால் இந்தக் காரின் கிளட்ச் 172 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசைக்காகச் செய்யப்பட்டது. முறுக்குவிசை கூடினால் முதலில் வழுக்குவது கிளட்ச். சிறிய டர்போ இன்ஜினைக் குறைந்த சுற்றில் மிதித்து இழுக்கும்போது, தீப்பொறி வருமுன்னே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு; பிஸ்டனை உடைக்கும் அளவுக்கு அது வலுவானது. அழுத்தத்தைக் கூட்டினால் ஆபத்தும் கூடும். சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம். ஏழு கியர் டிசிடி, அதாவது இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: அதில் இருப்பது உலர் கிளட்ச். கருட சேவைக் கூட்டத்தில் ஊர்ந்து ஊர்ந்து போனால் அது சூடேறும். ஊர விடாமல், முன்னால் கொஞ்சம் இடம் விழுந்தபிறகு ஒரேயடியாக நகருங்கள்.

ரீமேப் பணத்தை இன்ஜினின் ஆரோக்கியத்துக்குக் கொடுப்பதே என் வழி. முழு சின்தடிக் ஆயில், கம்பெனி சொன்ன தூரத்துக்கு முன்பே மாற்றுவது, நேரத்துக்கு ஸ்பார்க் பிளக். இந்த வகை இன்ஜினில் பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. அதனால் உள்ளிழுக்கும் வால்வுகளைப் பெட்ரோல் கழுவுவதில்லை. ஆயில் ஆவி அங்கே கரியாகப் படியும். வயதான காரில் ஐடிலிங் தடுமாறினால் வால்வைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், போன இழுவை திரும்பும்.

இன்ஜின் ஏன் இவ்வளவு சின்னது என்று கேட்பவர்களுக்கு 2006 பட்ஜெட்தான் பதில். 4 மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள் இன்ஜின் உள்ள கார்களுக்கு அப்போது கலால் வரி 24-லிருந்து 16 விழுக்காடாகக் குறைந்தது. அன்று முதல் நம் சின்ன கார்கள் பலவும் அந்த அளவுக்குள்ளேயே வடிவமைக்கப்படுகின்றன. என் லைனின் நீளம் 3,995 மி.மீ.!

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம் மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தப்படி, மீறும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவது 2012 முதல் கூடாது. பல ராக ஹாரனும் கூடாது. எங்கள் தெருப் பையன் ஒருவன், “அண்ணா, சைலன்சரை மாத்துங்க, சத்தமே வரலையே” என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வான். கோயிலும் தறியும் பள்ளிக்கூடமும் நெருங்கிக் கிடக்கிற தெருவில் அந்தச் சத்தம் மற்றவர்களைத்தான் வாட்டும். நான் மாற்றப் போவதில்லை.

வேகம் வேண்டும் என்றால் நமக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், முதலில் சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்தியது. பிறகு இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாகத் தளம் அமைத்தது. 1990-இல் திறந்த அந்தத் தளத்தின் நீளம் சுமார் 3.7 கி.மீ. கார் பிறந்த ஊரிலேயே அதை முழு மூச்சாக ஓட்ட ஒரு தளம் இருப்பது இந்தியாவில் எத்தனை பேருக்கு வாய்க்கும்? சொந்தக் காரோடு போய் ஓட்ட அனுமதிக்கும் நாட்களும் அங்கே உண்டு. நான் மேலே சொன்னதெல்லாம் அங்கே சில சுற்றுகளிலேயே விளங்கிவிடும். நேர்ச்சாலையில் 120 குதிரைத்திறன் போதவில்லை என்று தோன்றுவது உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே பழைய பிரேக் ஆயில் பெடலைத் தளர்த்திவிடும், முன் டயரின் ஓரங்கள் கரையும். காரின் திறனை எட்டுவதற்கே ஓட்டுபவர் பல நாள் பழக வேண்டியிருக்கும்.

ஆகவே தம்பிகளே, தங்கைகளே: செவிலிமேட்டுப் பாலத்திலும் பெங்களூர் நெடுஞ்சாலையிலும் போட்டி போடாதீர்கள். ரீமேப்புக்கும் ஸ்பிரிங்குக்கும் எடுத்துவைத்த பணத்தில் நல்ல டயரும் பிரேக் ஆயிலும் வாங்கி, ஹெல்மெட் ஒன்றையும் எடுத்துக்கொண்டு தளத்துக்குப் போங்கள்.

அடுத்த வாரம்: மாற்றம் செய்த காருக்கு விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி எதைக் கேட்கும், எதை முன்பே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

(தொடரும்)