காசநோயும் காற்றில் மிதக்கும் துளியும்

உத்தமபாளையத்தில் என்னிடம் இயற்பியல் பயிலும் மாணவர் ஒருவர், வகுப்பு முடிந்தபின் தயங்கியபடி வந்தார். அவருடைய அண்ணனுக்குக் காசநோயாம். வீட்டில் அண்ணனுக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர். படுக்கை பின்கட்டில், சன்னல் இல்லாத அறையில். "இது போதுமா சார்?" என்று கேட்டார். இதற்கான விடையில் பாதி மருத்துவம், பாதி இயற்பியல்.

நாம் இழுக்கும் காற்று மூக்கு, தொண்டை வழியே மூச்சுக்குழலை அடைகிறது. அக்குழல் இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு கிளையும் மீண்டும் இரண்டாகி, ஏறத்தாழ 23 முறை கிளைத்தபின் காற்று நுண்ணறைகளில் முடிகிறது. ஒரு நுண்ணறையின் விட்டம் சுமார் 0.2 மில்லிமீட்டர். இவற்றின் மெல்லிய சுவர் வழியாகத்தான் ஆக்சிஜன் இரத்தத்தில் கலக்கிறது. நுரையீரல் காசநோய்க் கிருமி முதலில் காலூன்றும் இடமும் இதுவே. ஆனால் வழியில் காவல் பலம். மூக்கிலுள்ள மயிர், சளிப்படலம், சளியை மேல்நோக்கித் தள்ளும் குறுயிழைகள் எல்லாம் உண்டு. 10 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்கள் பெரும்பாலும் மேலேயே சிக்கிக்கொள்ளும். (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்.) தட்டிலும் தம்ளரிலும் இந்நோய் பரவுவதில்லை, உணவு செல்லும் பாதையே வேறல்லவா?

அப்படியானால் எது உள்ளே போகிறது? நோயாளி இருமும்போது பல அளவுத் துளிகள் சிதறுகின்றன. ஸ்டோக்ஸ் விதிப்படி, சிறு துளி விழும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 100 மைக்ரான் துளி ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து ஆறேழு வினாடியில் தரை சேரும். நீர் ஆவியாகி 2 மைக்ரானாகச் சுருங்கிய துளிக்கோ, அசையாத காற்றில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும்! நுண்ணறை வரை செல்லக்கூடியதும் இந்தச் சிறு துளிதான். சன்னல் திறந்திருந்தால் அது வெளிக்காற்றில் கலந்து நீர்த்துப்போகும். வெயிலின் புற ஊதாக் கதிர் கிருமியைக் கொல்லும். ஆடிக் காற்று வீசும் நம் பள்ளத்தாக்கில் நோயாளியை அடைத்துவைப்பது விந்தைதான்.

நோயாளியை வீட்டில் வைத்திருக்கலாமா என்பதற்கு உலகுக்கே விடை சொன்னது சென்னை. அங்கு 1956-ல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு வீட்டிலும், மறு பகுதியினருக்குச் சானடோரியத்திலும் ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்தது. வீட்டிலிருந்தோருக்கு இட நெருக்கடி, சத்துணவும் குறைவு. ஆயினும் 1959-ல் வெளியான முடிவின்படி, குணமடைவதில் இரு சாராருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வீட்டில் மருந்துண்டோரின் குடும்பத்தாரிடையே நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. தகுந்த மருந்து தொடங்கிய சில வாரங்களில் பரப்பும் ஆற்றல் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. இன்று சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மருந்து போதும். அரசு மருத்துவமனைகளில் இலவசம். இடையில் நிறுத்தினால்தான் வம்பு.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உள்ளவர்கள் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். நோயாளியுடன் வசிப்போர் இருமல் இல்லாவிட்டாலும் மருத்துவரைப் பார்ப்பது அவசியம் என்றேன். மாணவர் மறுநாளே தாயாருடன் போய்வந்தார். அண்ணனின் படுக்கை இப்போது திண்ணையை ஒட்டிய முன்னறையில் இருக்கிறது.